மரத்தை மாற்றாத சமையல்

(கலிபோர்னியாவின் சான் ஓசே வட்டாரத்தில் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புரட்டாசி பிறந்தால் இந்த ஊர் நடைபாதைகளில் ஒரு கொட்டை விழத் தொடங்கும். விரல் நீளம்கூட இருக்காது. தலையில் சொரசொரப்பாக ஒரு தொப்பி. காரின் கூரைமேல் டொக்கென்று விழும், செருப்புக்கடியில் நொறுங்கும். தோட்டக்காரர் வந்து இலைச் சருகோடு சேர்த்து ஊதித் தள்ளிவிட்டுப் போவார். குழந்தைகளின் படப் புத்தகத்தில் அணில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்குமே, அந்த ஓக் கொட்டைதான் இது. நாம் குப்பையில் சேர்க்கும் இந்தப் பொருள், ஸ்பானியர் வருவதற்கு முன் இந்த மண்ணில் வாழ்ந்த பெரும்பாலான மக்களுக்கு முதன்மை உணவாக இருந்தது.

இதை வீட்டில் எப்படிச் சமைப்பது என்று சொல்லுங்கள் என்று கேட்டுத்தான் என்னை அழைத்தார்கள். சொல்கிறேன். ஆனால் செய்முறைக்கு முன் ஒரு கருத்தை உங்கள் முன் வைக்க வேண்டும். நெல்லையும் கோதுமையையும் மனிதர்கள் வயலில் மாற்றினார்கள். தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கி, நல்லதை வைத்து, அல்லாததைக் கழித்து, செடியையே வேறொன்றாக ஆக்கினார்கள். ஓக் மரம் அப்படி மாறவில்லை. அன்றும் இன்றும் அது காட்டு மரம். மாற்றம் முழுவதும் மரத்தைவிட்டு இறங்கிய பிறகு, பெண்களின் கையில், தண்ணீரில் நடந்தது. அந்த உழைப்பை அறியாதவர்கள்தான் இதைக் காட்டில் கிடைத்ததைத் தின்ற கதை என்று நினைப்பார்கள்.

நமக்கு இந்த மரம் எவ்வளவு அந்நியம்? தென்னிந்தியக் காடுகளில் ஓக் இயற்கையாக வளர்வதில்லை. இமயமலைச் சரிவுகளில் உண்டு. வால்பாறையிலும் நீலகிரியிலும் தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். அதில் இந்தக் கொட்டையைத் தேட வேண்டாம். ஆனாலும் உண்மையான ஓக் மரத்தின் சரக்கு ஒன்றை நம்மில் பலர் பேச்சு வருமுன்பே நாக்கில் வாங்கியிருக்கிறோம். பாட்டி உரைகல்லில் உரைத்துத் தடவிய மாசிக்காய்தான் அது. மேற்கு ஆசியாவில் வளரும் ஓர் ஓக் மரக் கிளையில் சிறு குளவியொன்று முட்டையிட, அதைச் சுற்றி மரம் வளர்க்கும் புடைப்புதான் நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காயாகக் கிடைக்கிறது. அதன் துவர்ப்புக்குக் காரணம் டானின். ஓக் கொட்டையிலும் டானின் உண்டு.

டானின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. கொட்டையைப் பச்சையாகக் கடித்தால், எச்சிலில் இருக்கும் புரதங்களை அது பிடித்துக்கொள்கிறது; வாய் காய்ந்து நாக்கு இழுக்கிறது. வயிற்றுக்குள் போனாலும் அதே வேலைதான்: செரிமானம் கெடும், வயிறு கலங்கும். கொட்டையை அளவுமீறித் தின்ற மாடுகளுக்குச் சிறுநீரகமே பழுதாவதுண்டு. விதையைக் காக்க மரம் போட்ட வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலியில் ஒரு திறப்பும் இருக்கிறது: டானின் தண்ணீரில் கரையும். ஓக் கொட்டைச் சமையல் முழுவதும் அந்த ஒரு திறப்பின் வழியாகத்தான் நடக்கிறது.

வேலிக்குள் இருப்பது எளிய பொருளல்ல. அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியல்படி, 100 கிராம் பச்சைப் பருப்பில் சுமார் 387 கலோரி, 41 கிராம் மாவுச்சத்து, 24 கிராம் கொழுப்பு, 6 கிராம் புரதம். இனத்துக்கு இனம் இது மாறும். வயிற்றை நிரப்பக்கூடிய உணவு என்பதில் ஐயமில்லை.

பிறகு ஏன் யாரும் ஓக் மரத்தைப் பயிராக்கவில்லை? ஜேரெட் டயமண்ட் 1997இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு மூன்று விடை சொன்னார். ஓக் மெதுவாக வளரும். நட்டவர் காய் பார்க்கப் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அணில்கள் எங்கெங்கோ புதைத்து மறந்துவிடுகின்றன. எது முளைக்க வேண்டும் என்று மனிதர் தேர்ந்தெடுக்க அவை விடுவதில்லை. மூன்றாவதுதான் நுட்பமானது. வாதுமையின் கசப்பை ஒரே மரபணு ஆள்கிறது. தற்செயலாக ஓர் இனிப்பு மரம் கிடைத்து அதன் விதையை நட்டால் பாதி வேலை முடிந்தது. ஓக்கின் கசப்பைப் பல மரபணுக்கள் சேர்ந்து ஆள்கின்றன. இனிப்பு மரத்தின் பிள்ளைகளும் கசக்கவே செய்யும். இத்தோடு இன்னொரு சிக்கலும் உண்டு. ஓக் ஆண்டுதோறும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. ஓராண்டு கொட்டித் தீர்க்கும். அடுத்த ஆண்டு வெறுங்கையை விரிக்கும்.

இப்படிப்பட்ட மரத்தை நம்பி ஒரு நாடே உண்டு வாழ்ந்தது. கலிபோர்னியாவின் மலையடிவாரத்தில் மீவாக் மக்களும், வடகடலோரத்தில் போமோ மக்களும், கிளமத் ஆற்றங்கரையில் யூரோக், காரூக் மக்களும், நாம் நிற்கும் இந்த விரிகுடாப் பகுதியில் ஒலோனி மக்களும் அவரவர் நிலத்து ஓக்கை அறிந்து வைத்திருந்தார்கள். சியரா மலையில் கறுப்பு ஓக்குக்கு மதிப்பு; வடமேற்கில் டான் ஓக் என்ற நெருங்கிய உறவு மரத்துக்கு.

அவர்கள் மரத்தை மாற்றவில்லை என்றேன். மரம் நிற்கும் இடத்தைப் பராமரித்தார்கள், நெருப்பைக் கொண்டு. மரத்தடிச் சருகுக்குத் தாழ்வான தீ வைப்பார்கள். புழுத்த கொட்டைகளும், அவற்றிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் வண்டுப் புழுக்களும் அதில் அழியும். தரை துப்புரவாகும், அடுத்து விழுவதைப் பொறுக்குவது எளிது. ஓக்கை மறைத்து ஓங்கி வளரும் ஊசியிலை மரக்கன்றுகளும் கருகும். வேலியும் ஏரும் இல்லாததால் வந்தேறிகளின் கண்ணுக்கு இது வேளாண்மையாகத் தெரியவில்லை.

பொறுக்கிய கொட்டைகளைக் காயவைத்துக் குதிர்களில் சேர்ப்பார்கள். யோசெமிட்டிப் பகுதி மீவாக் மக்களின் குதிர் தரைக்குமேல் கால் நட்டு, கிளைகளால் பின்னியது. பூச்சி வராமலிருக்க வாசனைத் தழைகளை உள்ளே பரப்புவார்கள். காய்க்காத ஆண்டை, காய்த்த ஆண்டின் குதிர் தாங்கியது.

இங்கே மானிடவியலாளர் ராபர்ட் பெட்டிங்கர் சொல்லும் ஒரு கருத்து எனக்கு முக்கியமாகப் படுகிறது. சால்மன் மீனைச் சேமிக்க வேண்டுமானால் பிடித்த கையோடு அறுத்து, உலர்த்தி, புகையூட்ட வேண்டும், உழைப்பெல்லாம் முன்னால். ஓக் கொட்டையைச் சேமிப்பது சுலபம். அதை உண்ணும் நாளில்தான் உழைப்பெல்லாம் காத்திருக்கிறது. விளைவைப் பாருங்கள். உலர்ந்த மீனைத் திருடியவன் பிறர் உழைப்பை அப்படியே தின்கிறான். கொட்டையைத் திருடியவனுக்குக் கிடைப்பது வேலைதான்! அதனால் ஒவ்வொரு குடும்பமும் பெரிய காவலின்றிச் சிறு குதிர் ஒன்றை வைத்துக்கொண்டு வாழ முடிந்தது. எந்தப் பொருளை உண்கிறோம் என்பதோடு, அதன் உழைப்பு எந்த நேரத்தில் வருகிறது என்பதும் ஒரு சமூகத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும்.

அந்த உழைப்பின் தடத்தைக் கண்ணால் காண வேண்டுமானால் இங்கிருந்து வடகிழக்கே அமடோர் கவுண்டிக்குப் போங்கள். சாவ்சே என்றும் அழைக்கப்படும் இந்தியன் கிரைண்டிங் ராக் என்ற மாநில வரலாற்றுப் பூங்கா இருக்கிறது. அங்கே ஒரே பாறைப் பரப்பில் 1,185 உரற்குழிகள். மீவாக் பெண்கள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து இடித்ததில் பாறை குழிந்த குழிகள் அவை. இடித்த மாவைக் கூடைத்தட்டில் கொழித்து, கப்பியை மறுபடி குழியில் போட்டு இடிப்பார்கள். பிறகு ஓடைக்கரை மணலில் ஆழமில்லாத ஒரு பள்ளம். அதில் மாவைப் பரப்பி, தண்ணீர் மாவைக் கிளறிவிடாதபடி ஒரு தழைக் கொத்தின்மேல் மெல்ல ஊற்றுவார்கள். நீர் மாவின் வழியே இறங்கி மணலுக்குள் போகும், டானினையும் கொண்டுபோகும். கசப்பு போயிற்றா என்பதை நாக்குதான் சொல்லும். கடைசியாக, தண்ணீர் ஒழுகாதபடி நெருக்கமாகப் பின்னிய கூடையில் மாவையும் நீரையும் விட்டு, நெருப்பில் பழுத்த கற்களை உள்ளே போட்டுத் துழாவிக் கூழ் காய்ச்சுவார்கள். கல் ஓரிடத்தில் நின்றால் கூடை கருகும், கை ஓயக்கூடாது.

இந்தச் சமையல் தானாக மறையவில்லை. 1793இல் ஸ்பானிய ஆளுநர் அரியாகா பூர்வகுடிகள் நிலத்துக்குத் தீ வைப்பதைத் தடைசெய்தார். நம் பக்கத்திலிருக்கும் சாண்டா கிளாரா, சான் ஓசே மிஷன்களுக்குள் ஒலோனி மக்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களின் பருவச் சுழற்சியே அறுந்தது. 1848இல் தங்கம் கிடைத்த பிறகு வந்த கூட்டம் ஓக் மரங்களை விறகாக்கியது, கொட்டைக் காடுகளில் பன்றிகளை மேயவிட்டது. 1850இல் மாநிலம் இயற்றிய சட்டம் மறுபடி தீ வைப்பதைக் குற்றமாக்கியது. குதிருக்குப் போக வேண்டியது பன்றியின் வயிற்றுக்குப் போன பிறகு, மக்கள் மைதாவுக்கு மாறினார்கள். சுவை மாறியதாக எழுதுகிறவர்கள் இந்த வரிசையையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஆனாலும் கைப்பழக்கம் அறவே அற்றுப்போகவில்லை. யோசெமிட்டி அருங்காட்சியகத்தில் ஜூலியா பார்க்கர் என்ற அம்மையார் பல பத்தாண்டுகள் கூடை பின்னியும் ஓக் மாவு இடித்தும் பார்வையாளர்களுக்குக் காட்டினார். கணவரின் பாட்டி லூசி டெல்லெஸ் வழியாக வந்த அறிவு அது. பெவர்லி ஒர்டிஸ் அதைக் கேட்டறிந்து 1991இல் நூலாக்கினார். 2018இல் வின்சென்ட் மெடினாவும் லூயிஸ் ட்ரெவினோவும் பெர்க்லியில் கஃபே ஒலோனி என்ற உணவகத்தைத் தொடங்கினார்கள். இந்த விரிகுடாவின் முதல் குடிகளுடைய உணவு, ஓக் கூழ் உட்பட, அவர்கள் வாயாலேயே விளக்கப்பட்டு மேசைக்கு வந்தது.

கொரியாவில் கதை வேறு. அங்கே ஓக் கொட்டை பஞ்ச காலத்தில் ஏழைகளைக் காத்த உணவாக இருந்து, இன்று கடைத்தெருவில் விரும்பி வாங்கும் பண்டமாகிவிட்டது. கொட்டையை ஊறவைத்து அரைத்து, மாவைத் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்து இறுத்து மாற்றுவார்கள். நம்மூரில் கூவைக்கிழங்கு மாவு எடுக்கும் அதே வழிதான். படிந்த மாவைக் காய்ச்சி அச்சில் ஊற்றினால் பழுப்பு நிறத்தில் வழுவழுப்பான துண்டு. தொதோரிமுக் என்று பெயர். சோயா சாறு, நல்லெண்ணெய், வெங்காயத்தாள், மிளகாய்த் தூள் சேர்த்துச் சாப்பிடுவார்கள். இங்குள்ள கொரிய மளிகைக் கடைகளிலேயே அந்த மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது. கொட்டை பொறுக்க நேரமில்லாதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்: ஒரு கப் மாவுக்கு ஐந்தாறு கப் தண்ணீர், சிட்டிகை உப்பு, கட்டி தட்டாமல் கிண்டினால் போதும்.

இனி வீட்டுச் செய்முறை. முதலில் மரத்தை அறிந்துகொள்ளுங்கள். நம் பகுதியில் அதிகம் காண்பவை இரண்டு. இலை உதிர்க்காமல், விளிம்பில் சிறு முள்ளோடு குவிந்த இலை இருந்தால் கடலோர லைவ் ஓக். இலை ஆழமாக மடல் பிரிந்து, மடல் நுனி உருண்டு, குளிரில் உதிர்ந்தால் வேலி (Valley) ஓக். பொதுவாக வெள்ளை ஓக் வகைகளில் டானின் குறைவு, சிவப்பு ஓக் வகைகளில் டானினும் எண்ணெயும் கூடுதல். ஓட்டை உடைத்து உட்புறம் தடவிப் பாருங்கள்: வழவழப்பாக இருந்தால் வெள்ளை வகை, பூனைமுடி போலிருந்தால் சிவப்பு வகை. வேலி ஓக் முதல் வகை, லைவ் ஓக் இரண்டாவது.

ஓர் எச்சரிக்கை. இதே குன்றுகளில் பக்கை என்ற மரமும் உண்டு. அதன் கொட்டை பெரிது, உருண்டை, பளபளக்கும் பழுப்பு, நஞ்சு. அதற்குத் தொப்பி இல்லை. செதில் செதிலான கிண்ணத் தொப்பி இருந்தால்தான் ஓக். சந்தேகமிருந்தால் தொடாதீர்கள்.

முதலில் விழுபவை பெரும்பாலும் புழுத்தவை. அவற்றை விட்டுவிட்டுச் சில வாரம் பொறுங்கள். தொப்பி கழன்று விழுந்ததை எடுங்கள். தொப்பி விடாமல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் சொத்தை. ஓட்டில் குண்டூசித் துளை இருந்தால் புழு வெளியேறிவிட்டது என்று பொருள். வீட்டுக்கு வந்ததும் வாளி நீரில் கொட்டுங்கள். மிதப்பதைக் கழித்து, மூழ்கியதை வைத்துக்கொள்ளுங்கள். மருந்து தெளித்த புல்வெளியில் பொறுக்க வேண்டாம். பூங்காக்கள் பலவற்றில் எதையும் எடுக்கத் தடை உண்டு. பலகையைப் படியுங்கள், பிறர் மரமென்றால் கேளுங்கள். ஒரே மரத்தடியை வழித்தெடுக்காதீர்கள். மரங்கொத்தியும் அணிலும் மானும் குளிர்காலத்துக்கு அதைத்தான் நம்பியிருக்கின்றன.

அடுத்து காயவைப்பது. வடகம் காயப்போடும் பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பி நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்தால் பருப்பு சுருங்கி ஓட்டைவிட்டு விலகும். தட்டினால் எளிதாக உடையும். உள்ளே மெல்லிய தோல் ஒன்று ஒட்டியிருக்கும். அதிலும் துவர்ப்பு உண்டு. துணியில் போட்டுத் தேய்த்து ஊதிவிடுங்கள். கறுத்ததை, பூஞ்சை வாடை அடிப்பதைக் கழியுங்கள்.

துவர்ப்பு நீக்க இரண்டு வழி. குளிர்நீர் வழி மெதுவானது. பருப்பைத் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, பெரிய கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு நீர் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். நாள்தோறும் மேல்நீரை இறுத்துப் புதுநீர் விட்டுக் கலக்குங்கள். நீர் முதலில் தேயிலை நிறத்தில் இருக்கும், பிறகு வெளுக்கும். நிறத்தை நம்பி நிறுத்த வேண்டாம். துளி மாவை நாக்கில் வைத்து, சிறிது நேரம் காத்திருந்து பாருங்கள். இனத்தைப் பொறுத்துச் சில நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். வெந்நீர் வழி வேகமானது. பருப்பை நொறுக்கி வேகவைத்து, நீர் கறுத்ததும் வடித்து, தயாராகக் கொதிக்கும் இன்னொரு பாத்திர நீருக்கு மாற்றி, கசப்பு போகும்வரை தொடர வேண்டும். அன்றே முடிந்துவிடும். ஆனால் கொதியில் மாவுச்சத்து வெந்துவிடுவதால் பிறகு கெட்டிப்படும் குணம் போய்விடும். கூழும் தொதோரிமுக்கும் ரொட்டியும் வேண்டுமானால் குளிர்நீர்; வறுத்துக் கொறிக்கவோ குழம்பில் போடவோ என்றால் வெந்நீர். இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம். டானினும் இரும்பும் சேர்ந்தால் மைக்கறுப்பு. பழங்காலத்தில் எழுதும் மை செய்த வழியே அதுதான்.

துவர்ப்பு நீங்கிய மாவை வெள்ளைத் துணியில் வடித்துப் பிழிந்து, உடனே சமைக்கலாம். அல்லது மெல்லிய சூட்டில் உலர்த்திப் பொடித்து வைக்கலாம். எண்ணெய்ப் பசை உள்ள மாவு நாளானால் சிக்கு வாடை அடிக்கும், ஆகையால் உறைபெட்டியில் வையுங்கள். இதில் குளுட்டன் இல்லை, தனியாகப் பிசைந்தால் பிடிப்பு வராது. சப்பாத்திக்குக் கோதுமை மாவில் கால் பங்கு சேர்த்தால் நல்ல நிறமும் கொட்டை மணமும் வரும். எங்கள் வீட்டில் பிடித்தது கூழ்தான். மரக்கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் தொட வேண்டாம். மற்றவர்களும் முதல் முறை சிறிதளவே சாப்பிட்டுப் பாருங்கள்.

நான்காம் வகுப்பில் நம் பிள்ளைகளுக்குக் கலிபோர்னியப் பூர்வகுடிகளைப் பற்றிய பாடம் வரும். வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்தார்கள் என்று அதில் ஒரு வரி இருக்கலாம். சேகரிப்பது அந்த வேலையின் மிகச் சிறிய பகுதி என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். தீ மூட்டி நிலம் காத்ததையும், குதிர் கட்டியதையும், பாறை குழிய இடித்ததையும், நாக்கையே அளவுகோலாக்கித் துவர்ப்பு நீக்கியதையும் சொல்லுங்கள். சொல்லிப் புரியவில்லையென்றால், ஒரு கிலோ கொட்டையைக் கையில் கொடுத்து உடைத்து அரைக்கச் சொல்லுங்கள்.